பிளக் யார் கையில்

ஈரத் துணியை உள்ளே போட்டேன். ஈரத் துணியை வெளியே எடுத்தேன். நடுவில் அந்த டிரையர் என்னமோ பெரிய உழைப்பாளி மாதிரி சுற்று சுற்றென்று சுற்றி, தரையையே அதிர வைத்து, கடைசியில் வேலை முடிந்துவிட்டது என்று மணி வேறு அடித்தது. கதவைத் திறந்து கையை விட்டால் போர்வை சில்லென்று இருக்கிறது. வந்த கோபத்தில் அதன் வயிற்றில் ஓர் உதை விட்டேன். வலித்தது என்னவோ எனக்குத்தான்.

வெளியே மழை விட்டபாடில்லை. கதவு, நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி என்று வீடு முழுக்கத் துணி தொங்கியது. கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் நாலு சட்டையை விலக்கி, ஒரு பாவாடைக்குக் கீழே குனிந்து போக வேண்டும். எதை எடுத்து முகர்ந்தாலும் பூசண நாற்றம். இதில் கூத்து என்னவென்றால், என் பிழைப்பே துணி காய வைப்பதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறேன். அங்கே ஆள் உயரத்துக்கு வரிசையாக டிரையர்கள் நிற்கின்றன. ஊரார் படுத்த விரிப்பையெல்லாம் சுடச்சுட மடித்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து நான் ஈரத் துண்டில் முகம் துடைக்கிறேன். அதைவிடப் பெரிய கூத்து, என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன்.

எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கரண்ட் அடித்து இவரைத் தூக்கிப் போட்டுவிட்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம். வலது கைக் காயம் ஆறியது. டாக்டர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்து, "கை நல்லா இருக்கு, வேலைக்குப் போகலாம்" என்று சொல்லியும் மாதக் கணக்காகிவிட்டது. கை நன்றாகத்தான் இருந்தது. அதை எதற்குள்ளும் விடத்தான் அவரால் முடியவில்லை. வீட்டில் பல்பு போனால் ஸ்டூலில் ஏறுவது என் நாத்தனார். அந்த நேரம் பார்த்து இவருக்குத் தாகம் எடுத்துவிடும், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

இந்த வாரம், இவருக்கு வழக்கமாக வேலை கொடுக்கிற கான்ட்ராக்டர் போன் செய்தார். புதிதாக ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிறார்களாம்.

"உன்னை மாதிரி சுத்தமா ஒயரிங் பண்ற ஆள் எனக்குக் கிடைக்கலைப்பா. திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம். வர்றியா இல்லையான்னு அதுக்குள்ள சொல்லிடு. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். ஆனா ஒண்ணு, உன் மச்சான் மட்டும் வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று இவர் வைத்துவிட்டார். சனிக்கிழமை வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தார். பக்கத்துத் தெருவில் கார் நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கிழிக்க ஆள் வேண்டுமாம், அங்கே போய்விடலாமா என்று பேச்சு வேறு. சீட்டுக் கிழிப்பது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ஒரு கட்டடம் முழுக்க முதல் தடவையாக விளக்கு எரிகிற சாயங்காலம் இவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவள் நான். இந்த வேலையை விட்டால் இவர் இனிமேல் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே மாட்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கான்ட்ராக்டர் வேண்டாம் என்று சொன்ன மச்சான், என் கூடப் பிறந்த தம்பி. இவர்கள் இரண்டு பேரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். தங்களுக்கென்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். இவர் மெயின் சுவிட்சை அணைத்ததும், காலில் இருக்கும் செருப்பைக் கழற்றி அதற்கு நேர் கீழே வைத்துவிட்டு, ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். செருப்பு அங்கே கிடக்கிற வரைக்கும் உள்ளே கை இருக்கிறது என்று அர்த்தம். இவர் திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் தம்பி சுவிட்சைத் தொடலாம். கட்டட இரைச்சலில் கூப்பிட்டால் எதுவும் காதில் விழாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அன்றைக்கு இவர் கை உள்ளே இருக்கும்போதே என் தம்பி சுவிட்சைப் போட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "செருப்பு கண்ணுக்குத் தெரியலையாடா பாவி? கண்ணை எங்கடா வச்சுட்டுப் போனே?" என்று கத்தினேன். நர்ஸ் வந்து விலக்கிவிட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிச்சே, நடக்கிறதே வேற" என்றேன். அவன் மிதிக்கவில்லை. ஒயரிங் வேலையையே விட்டுவிட்டு, மேம்பாலத்துக்குக் கீழே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறான் என்று கேள்வி. அந்தக் கடையைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதற்காகவே நான் சுற்றுவழியில் பஸ் பிடிக்கிறேன்.

சனிக்கிழமை மதியம், டிரையரை உதைத்த கையோடு, இல்லை, உதைத்த காலோடு, நாத்தனாரைக் கூப்பிட்டேன். இவருடைய தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை. உலகத்தில் உள்ள சகல கஷ்டத்துக்கும் ஒரு வீடியோ உண்டு என்று நம்புகிறவள்.

"அண்ணி, இருங்க, கண்டுபிடிச்சுட்டேன். மெஷின் சுத்துது, சூடு வரலை. இதுக்கு நிறைய காரணம் இருக்காம்" என்று போனை அடுப்பு மேடைமேல் சாய்த்து வைத்தாள். அதில் ஒரு ஆள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"முதல்ல வடிகட்டியைப் பாரு" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இவர்தான். கண் பேப்பரில், காது இங்கே.

கதவோரம் இருந்த வடிகட்டியை உருவினேன். அதைத் துவைப்புக்குத் துவைப்பு நான் சுத்தம் பண்ணுகிறேன், என் தொழிலே அது. சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப பின்னாடி பைப்பைப் பாரு. காத்து வெளியே போறதுக்கு ஒரு பைப் இருக்கும். அதுக்கு முன்னாடி பிளக்கை எடு. எடுத்தியா?"

"எடுத்தாச்சு."

"சுவிட்சை அணைச்சா போதாது. பிளக்கையே உருவணும்."

"உருவியாச்சுங்க!"

"நல்லாப் பாரு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வயரை இழுத்துக்கொண்டு போய் பிளக்கை அவர் பக்கம் ஆட்டினேன். "இந்தாங்க. நீங்களே பிடிச்சுக்கங்க. இனிமே கேட்டீங்கன்னா இருக்கு." வயர் கூடம் வரைக்கும் எட்டவில்லை. அதனால் அவர் எழுந்து வர வேண்டியதாயிற்று, வந்ததும் கையில் திணித்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, சமையலறை வாசலில், மடியில் பிளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் பேப்பர் கூடத்திலேயே தங்கிவிட்டதைக் கவனித்தேன்.

நானும் நாத்தனாரும் தம் பிடித்து மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தோம். பின்னால் இருந்த பைப் சப்பளிந்து கிடந்தது. கழற்றி உதறினால், பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சுத் தூசி உருண்டை உருண்டையாக விழுந்தது.

"யாரு இதைச் சுவரோட ஒட்டித் தள்ளினது?" என்றார் இவர்.

நாத்தனார் போனை மும்முரமாகப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"எக்சர்சைஸ் பண்ண இடம் வேணும்னு கொஞ்சூண்டு தள்ளினேண்ணா."

"எக்சர்சைஸ் பண்ணினியா?"

"இல்லை."

இவர் சிரித்தார். வாய்விட்டு இல்லை, மூக்கால்தான். இருந்தாலும் அது சிரிப்புத்தான்.

பைப்பைச் சுத்தம் செய்து நிமிர்த்தி மாட்டினோம். பிளக்கை அவரிடமிருந்து வாங்கிச் செருகி, ஓட விட்டுப் பார்த்தோம். சுற்றியது, ஆனால் சூடு மட்டும் வரவேயில்லை. மறுபடி பிளக்கை உருவி அவர் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"காத்து போக வழியில்லாம சூடு உள்ளேயே தங்கியிருக்கு. ஏதோ ஒண்ணு கருகியிருக்கும். பின் தகட்டைக் கழட்டிப் பார்க்கணும். மீட்டர் வேணும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "என் பை பரண்மேல இருக்கு."

அந்தப் பையை அங்கே ஏற்றி வைத்தது நான்தான், அவர் கண்ணில் படக் கூடாதென்று. ஸ்டூலை அவரிடமிருந்து பிடுங்கி, ஏறி, தூசியோடு இறக்கினேன். அவர் நின்றபடியே பையை ஒரு நிமிஷம் பார்த்தார், தொடவில்லை. நாத்தனார்தான் ஜிப்பைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அவள் திருக, நான் ஸ்க்ரூவைப் பொறுக்க, தகடு கழன்று வந்தது.

"அந்தச் சுருள் கம்பி தெரியுதா? அதுதான் சூடு பண்றது. மீட்டரோட ரெண்டு முனையை அதோட ரெண்டு பக்கமும் வை. பீப்னு கேட்டா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

பீப் என்றது.

"இப்ப அதுக்குப் பக்கத்துல, விரல் நுனி அளவுக்கு வெள்ளையா ஒண்ணு இருக்கும் பாரு. தெர்மல் ஃபியூஸ். அதுல வை."

வைத்தாள். சத்தமில்லை. அழுத்தி வைத்தாள். அப்போதும் சத்தமில்லை. இவர் எப்போது நகர்ந்தார் என்று தெரியவில்லை, பார்த்தால் எங்கள் தோளுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார், பிளக் மட்டும் கையில் பத்திரமாக.

"போச்சு. அதுதான்" என்றார்.

"சூப்பர்! இதுக்கு ஈசியான வழி இருக்குண்ணா" என்று நாத்தனார் போனை உயர்த்தினாள். "இந்த ஃபியூசைத் தூக்கிப் போட்டுட்டு, ரெண்டு வயரையும் நேரா முறுக்கிவிட்டா போதுமாம். உடனே சூடு வருமாம்."

"வைடி கீழே!"

போட்ட சத்தத்தில் நானே துள்ளிவிட்டேன். விபத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"தீப்பிடிச்சு வீடே எரியட்டும்னு சொல்றானா அந்த ஆள்? அந்தச் சின்னத் துண்டு எரிஞ்சதாலதான் நீயும் நானும் எரியலை. அதைக் கழட்டிட்டு நேரா முறுக்குவாங்களாம். புதுசு வாங்கிப் போடறதுதான் ஒரே வழி."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அவர் போட்ட சத்தம் தேனாக இனித்தது. இன்னும் கொஞ்சம் கத்துங்க என்று சொல்லலாம் போலிருந்தது.

"சரி, எங்க கிடைக்கும்? நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று புடவையை உதறிக்கொண்டு நின்றேன்.

"மேம்பாலத்தடிக் கடையில."

"வேற கடை சொல்லுங்க."

"இந்தச் சாமான் அங்க மட்டும்தான் இருக்கும்."

"அப்ப ஈரத் துணியையே கட்டிக்கறேன். அவன் முகத்துல நான் முழிக்கவே மாட்டேன். செருப்பைப் பார்க்காம சுவிட்சைப் போட்டவன்."

இவர் பிளக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அவன் பார்த்தான்" என்றார்.

"என்னது?"

"பார்த்துட்டுத்தான் போட்டான். செருப்பு அங்க இல்லை. என் கால்ல இருந்தது."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார், மெதுவாக, பிளக்கைப் பார்த்துக்கொண்டே.

"வேலையெல்லாம் முடிச்சுட்டு வெளியே வந்து செருப்பையும் மாட்டிட்டேன். ஒரே ஒரு ஸ்க்ரூ சரியா இறுக்கலையோன்னு சந்தேகம். ஒரு நிமிஷ வேலைதானேன்னு செருப்போடயே திரும்பிப் போயிட்டேன். ஷூ மாத்தலை, அவன்கிட்ட சொல்லவும் இல்லை. அவன் வந்து பார்த்திருக்கான், செருப்பைக் காணோம். எங்க பழக்கப்படி, போடலாம்னு அர்த்தம். போட்டுட்டான். அவன் செஞ்சது சரிதான்."

"இதை ஏங்க இத்தனை நாளா சொல்லலை?"

"முதல்ல பேசவே முடியலை. பேச முடிஞ்சப்ப, நீ அவனை விரட்டிட்டேன்னு தெரிஞ்சது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். நாளாக ஆக வாய் அடைச்சுப் போச்சு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "தப்பு அவனோடதா இருந்தா வேற ஆளைக் கூட்டிட்டு அடுத்த மாசமே வேலைக்குப் போயிருப்பேன். தப்பு என்னோடது. என்னை விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?"

நாத்தனார் போனில் அந்த ஆள் இன்னும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் அதை அணைத்தாள்.

எனக்கு அவரை அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இப்படி ஒரு பாரத்தை மனசில் வைத்துக்கொண்டா இந்த மனுஷன் பேப்பர் படித்தார்? அங்கே என் தம்பி என்னிடம் அத்தனை வசவு வாங்கியும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தர் மிச்சம் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து என்னை மடச்சியாக்கிவிட்டார்கள் என்று ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அழுதுகொண்டே கத்துவது எனக்குக் கைவந்த கலை, ஆனால் அன்றைக்குக் கத்த முடியவில்லை.

நாத்தனார் அந்தக் கருகின ஃபியூசைக் கழற்றி ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினாள்.

"நீ போயேன்டி" என்றேன்.

"நான் போகலாம் அண்ணி. ஆனா போக மாட்டேன்."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடை குறுகலாக, உள்ளே நீளமாக இருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கவுண்டருக்குப் பின்னால் என் தம்பி ஒரு மிக்சிக்கு வாஷர் தேடிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டப்பாவை நழுவ விட்டான், வாஷரெல்லாம் தரையில் உருண்டோடின.

"அக்கா" என்றான். "மாமாவுக்கு ஏதாவது..."

"மாமாவுக்கு ஒண்ணும் இல்லை. டிரையருக்குத்தான்." காகிதத்தைப் பிரித்து வைத்தேன்.

அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, அதன் மேலிருந்த பொடி எழுத்தைப் படித்தான். "எத்தனை டிகிரியில அறுந்து போகணும்னு இதுல போட்டிருக்கு. அதே அளவுதான் போடணும், மாத்திப் போட்டா ஆபத்து" என்று யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, ஓர் இழுப்பறையைத் திறந்து புதியதை எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"செருப்பு அங்க இல்லையாமே" என்றேன்.

அவன் கை நின்றது.

"ஏன்டா சொல்லலை? அத்தனை பேர் முன்னாடி சட்டையைப் பிடிச்சேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உள்ள அவர் பொழைப்பாரா மாட்டாரான்னு இருக்கு. வெளியே நான் நின்னுட்டு, தப்பு அவரோடதுன்னு சொல்லச் சொல்றியா?" என்றான். "அதுவும் இல்லாம சுவிட்சைப் போட்டது இந்தக் கைதானேக்கா. ஒரு குரல் குடுத்துட்டுப் போட்டிருக்கலாம். நான் குடுக்கலை."

"சரி. கிளம்பு."

"எங்க?"

"வீட்டுக்கு. இதை யார் மாட்டறது, நானா?"

"மாமா மாட்டுவாரு."

"மாமா பிளக்கைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்காரு. வாடா."

"நீதானே வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னே."

"நான்தானே இப்ப மிதின்னும் சொல்றேன்! உன்னைத் திட்டினது தப்புடா. போதுமா? கால்ல விழணுமா? இந்த இடத்துல விழ முடியாது, பூரா வாஷரா கிடக்கு."

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "போயிட்டு வாப்பா, அந்தம்மா அழறாங்க பாரு" என்றார். நான் அழவில்லை என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவன் கால் தயங்கியது. முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன். சமையலறை வாசலில், ஸ்டூலை மறுபடி இழுத்துப் போட்டு, இவர் உட்கார்ந்திருந்தார். பிளக் இன்னும் கையிலேயே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன பேசுவார்களோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மாப்ளே, இளைச்சுட்டே?" என்றார் இவர்.

"நீங்க குண்டாயிட்டீங்க மாமா" என்றான் அவன்.

அவ்வளவுதான். இந்த ஆண்களோடு சேர்ந்து எப்படித்தான் காலம் தள்ளுவதோ தெரியவில்லை.

தம்பி ஃபியூசை நீட்டினான். இவர் வாங்கவில்லை. மெஷினின் திறந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருட்டாக, வயரும் தகடுமாக இருந்தது. வலது கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு பிளக்கைத் தம்பியிடம் நீட்டினார்.

"இதைப் பிடி. நான் மாட்டறேன்."

தம்பி ஓர் அடி பின்னால் போனான். "வேண்டாம் மாமா. அக்காகிட்ட குடுங்க."

"அவளுக்குக் கோபம் வந்தா கொண்டுபோய்ச் செருகிடுவா. நீயே பிடி."

அவன் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான். இவர் ஃபியூசை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் மண்டி போட்டார். கை உள்ளே போகிற இடத்தில் நின்றுவிட்டது. கரண்டே இல்லாத ஒரு தகரப் பெட்டிதான். நாத்தனார் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ளே."

"சொல்லுங்க மாமா."

"கையிலதானே இருக்கு?"

"கையிலதான் இருக்கு மாமா."

கை உள்ளே போனது. கொஞ்ச நேரம் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு 'டக்' என்று ஒன்று, இன்னொரு 'டக்'. "மீட்டர்" என்றார். நாத்தனார் ஓடிப்போய்க் கொடுத்தாள். பீப் என்றது. அந்தச் சத்தம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவரே தகட்டை மூடினார், அவரே ஸ்க்ரூவைத் திருகினார், ஒவ்வொன்றையும் திருகிய பிறகு மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்த்தார். மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே நிறுத்தி, தங்கையை ஒரு பார்வை பார்த்தார். நான் ஈரப் போர்வையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன்.

"போடு மாப்ளே."

தம்பி பிளக்கைச் செருகினான். சுவிட்ச் மேல் விரலை வைத்துவிட்டு அப்படியே நின்றான். இவர் உள்ளங்கை மெஷின் மேல் பதிந்திருந்தது.

"கையை எடுங்க மாமா."

"எல்லாம் மூடியாச்சு. எர்த் இருக்கு. போடு."

"கையை எடுத்துருங்க, போடறேன்."

"எடுக்க மாட்டேன். நான் சொல்றேன், போடு."

தம்பிக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நானே போய் அழுத்திவிடலாமா என்று கை பரபரத்தது. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன், என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான். தம்பி கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டான். டிரையர் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் போனது. இவர் கையை எடுக்காமல் நின்றார்.

"சூடு வருது" என்றார். தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "பாரு, வருதா?"

"வருது மாமா."

மணி அடித்ததும் நான் கதவைத் திறந்து போர்வையை எடுத்தேன். சுடச்சுட இருந்தது. அதைத் தூக்கித் தம்பி கையில் போட்டேன், மழையில் நனைந்து வந்தவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

இவர் கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்து வந்தார். யாருக்கு என்று கேட்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். நாத்தனார் பூனை போலப் பின்னால் போய் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"வரேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா ஒரு விஷயம் இருக்கு" என்றார் இவர். "அன்னைக்கு நடந்ததுல என் மச்சான் மேல தப்பில்லை. செருப்பை வைக்காம உள்ள போனது நான். அவன் பழக்கப்படி பார்த்துட்டுத்தான் போட்டான். வேலை குடுத்தா ரெண்டு பேருக்கும் குடுங்க. வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்."

எனக்குப் பகீரென்றது. கிடைத்த வேலையையும் வாயால் கெடுத்துக்கொள்கிறாரே என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. மறு பக்கம், பேசட்டும், இத்தனை நாள் அடைத்துக் கிடந்தது வெளியே வரட்டும் என்று இருந்தது. தம்பி போர்வைக்குள்ளிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.



"இதை ஏன்யா இப்ப சொல்றே?" என்றார் கான்ட்ராக்டர். "சொல்லாமலே வேலைக்கு வந்திருக்கலாமே."

"வந்திருக்க முடியாது."



"செருப்பு விளையாட்டெல்லாம் இனிமே கூடாது. மெயின்ல பூட்டு போடணும். பூட்டு இல்லாம கையை உள்ள விட்டீங்கன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். திங்கக்கிழமை காலையில நேரத்தோட வாங்க."

"ரெண்டு பேருமா?"

"பின்ன, பூட்டை யார் தூக்கிட்டு வர்றது?"

போனை வைத்துவிட்டு இவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நாத்தனார் கை தட்டினாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பூட்டு எங்க கடையிலேயே இருக்கு மாமா, நான் எடுத்துட்டு வந்துடறேன்" என்றான் தம்பி. பிறகு குரலைத் தாழ்த்தி, "சாவி மட்டும் என்கிட்ட வேண்டாம். எப்பவும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான்.

"அது எப்படி? யார் கை உள்ள இருக்கோ அவங்ககிட்டதான் சாவி. நான் உள்ள போனா என்கிட்ட. நீ உள்ள போனா உன்கிட்ட."

"நான் உள்ளேயா?"

"பின்ன, காலம் பூரா சுவிட்சைப் போட்டு அணைச்சுட்டே இருக்கலாம்னு பார்த்தியா? நீ உள்ள போ, நான் வெளியே நிக்கறேன். எனக்குப் பயமில்லை."

தம்பி முகத்தைப் போர்வைக்குள் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. இவர் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி நின்றார்.

"அழாதடா, இப்பத்தான் காய வச்சேன்" என்றேன் நான். சொல்லிக்கொண்டே அதன் மறு நுனியில் என் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.